நாற்பது ஓட்டைத் தொட்டி

வண்டி கழுவும் தொழிலில் தன்னை மிஞ்ச அந்த ஊரில் ஆளே இல்லை என்று நுரை சொல்லிக்கொள்வான். அந்த ஊரில் வண்டி கழுவும் கடை அது ஒன்றுதான் என்பதை மட்டும் சொல்லமாட்டான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு இருந்தது. ஆனால் சோப்பை அளவில்லாமல் கரைத்து, வந்த வண்டி எந்த நிறம் என்று சொந்தக்காரனுக்கே மறந்துபோகும்படி நுரையில் முக்குகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கடை பெரிதல்ல. சாய்வான சிமெண்டுத் தரை, இரண்டு குழாய்கள், ஒரு காற்றடிக்கும் மெஷின், அவன் மனைவி உட்காரும் கண்ணாடி அறை. எல்லாவற்றுக்கும் மேலே, நான்கு இரும்புத் தூண்களின் மீது, ஒரு நீளமான தண்ணீர்த் தொட்டி. படுக்க வைத்த உருளை மாதிரி இருக்கும். ஏழு வருடங்களுக்கு முன்னால் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்து, நீலப் பெயிண்ட் அடித்து ஏற்றியிருந்தான். அதன் முன்பக்கத்தை முழுவதும் மறைத்தபடி ஒரு விளம்பரப் பலகை. அதில் அவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

அந்தப் பலகையை இறக்கவேண்டி வந்ததற்குக் காரணம் அவன் மனைவி.

"படத்துல இருக்கிற முடியில பாதிகூட இப்ப உங்க தலையில இல்ல. பலகையைப் பார்த்துட்டு உள்ள வர்றவங்க, 'முதலாளி எங்கே'ன்னு உங்ககிட்டயே கேக்குறாங்க. புதுசா ஒண்ணு எடுத்து மாட்டுங்க."

அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டான். ஒரு வியாழக்கிழமை மதியம், பழைய பலகையை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, புதியதை மாட்டுவதற்காகத் தொட்டியின் மேல் குதிரையில் உட்கார்ந்தது போல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தான். தொட்டியைச் சுற்றியிருந்த மரச்சட்டத்தில் சுத்தியலால் ஆணி அறைந்துகொண்டிருந்தபோதுதான் அவன் தங்கை சேறு படிந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

தங்கையை அவன் நத்தை என்று கூப்பிடுவான். சின்ன வயதில் ஒரு தட்டுச் சோற்றை ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டவள் அவள். வளர்ந்து, உலகத்திலேயே அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே வேலையில் போய்ச் சேர்ந்தாள். கண்ணிவெடி அகற்றும் குழுவில் பகுதித் தலைவி. ஊருக்கு வடக்கே, பெரிய ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு நீண்ட நிலம் உண்டு. போர்க்காலத்தில் ஒரு விமானம் தாழப் பறந்து, அதன் வயிற்றில் மாட்டியிருந்த ஒரு சாதனத்தால் அந்த நிலம் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணிவெடிகளைத் தூவிவிட்டுப் போயிருந்தது. ஒவ்வொன்றும் ஷூ பாலிஷ் டப்பா அளவு. போர் முடிந்து பன்னிரண்டு வருடமாகியும் அதில் யாரும் கால் வைக்கவில்லை. இரண்டு வருடமாக அவளும் அவள் ஆட்களும் அங்கே தரையோடு தரையாகக் கிடந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"புல்லுக்குச் சிக்கெடுக்கிற வேலை" என்பான் நுரை. "நான் ஒரு நாள்ல இருபது வண்டி கழுவுறேன். நீ ஒரு நாள்ல எத்தனை அடி போறே?"

"நான் தப்பு பண்ணாத வரைக்கும் எத்தனை அடின்னு யாரும் கேக்குறதில்ல" என்பாள் அவள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவனுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தாள். ஏழு வருட வெயிலில் நீலப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, உள்ளேயிருந்த சாம்பல் பச்சை தெரிந்தது. உருளையின் நீளத்துக்கு நான்கு வரிசை ஓட்டைகள். வரிசைக்குப் பத்து. எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு மரக்கட்டையைச் செருகி, சுற்றிலும் தார் பூசியிருந்தான்.

மூன்றில் மட்டும் மரக்கட்டை இல்லை. துருப்பிடித்த தகர மூடி இருந்தது.

"அண்ணா."

"வந்துட்டியா? வண்டியை ஓரமா விடு. வாத்தியார் வண்டி முடியட்டும்."

வாத்தியார் என்றது டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரை. நுரையில் முங்கிக் கிடந்த தன் வண்டிக்குப் பக்கத்தில் செய்தித்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, ஆணி அடிக்கிறதை நிறுத்து."

"இன்னும் ஒரே ஒரு ஆணிதான்."

"அதுவும் வேணாம். சுத்தியலைக் கீழ போட்டுடாதே. கையிலேயே வச்சுக்க. மெதுவா ஏணிக்கு வந்து இறங்கு."

"ஏன், சட்டம் கோணலா இருக்கா?"

"அந்த மூணு ஓட்டையில மட்டும் ஏன் கட்டை இல்ல?"

நுரை குனிந்து பார்த்தான். "அதுவா? வாங்கும்போது நாப்பது ஓட்டையிலயும் குழல் குழலா சொருகியிருந்துச்சு. முப்பத்தேழு வெறும் குழல். கையால இழுத்தாலே வந்துடுச்சு. இந்த மூணு மட்டும் மூடியோட இறுகிப்போய் வரமாட்டேன்னுடுச்சு. நானும் விட்டுட்டேன். மூணு கட்டை மிச்சம்."

 அவள் குரல் மாறவில்லை; மாறாமல் வைத்துக்கொள்ளத்தான் அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"நீ உட்கார்ந்திருக்கிறது தண்ணித் தொட்டி இல்ல. விமானத்துக்கு அடியில மாட்டுறது. கண்ணிவெடி தூவுற உருளை. அந்த மூணு குழலும் இன்னும் திறக்கவே இல்ல. சரக்கு உள்ளேயே இருக்கு."

நுரை சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. வாழ்நாளில் எதையும் நிதானமாகச் செய்யாத அந்த மனிதன் பதினொரு படி ஏணியை அன்று இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொருவர் குளித்துத் துவட்டியிருக்கலாம்.

"வாத்தியார், எந்திரிங்க. வண்டி இங்கேயே இருக்கட்டும். அந்த மூலைக் கடை வரைக்கும் நடங்க" என்றாள் நத்தை.

"நுரை காஞ்சா பெயிண்ட் போயிடும்மா" என்றார் அவர்.

"மேல இருக்கிறது வெடிகுண்டு சார்."

முப்பது வருடமாக ஊராருக்கெல்லாம் 'பதறாதே, பதறாதே' என்று சொல்லிச் சொல்லி வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். செய்தித்தாள் மட்டும் கையிலிருந்தது.

கண்ணாடி அறையிலிருந்து அண்ணி வெளியே வந்தாள். நடந்ததைக் கேட்டாள். கணவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"ஏழு வருஷமா அதுக்குக் கீழ உக்காந்து பில்லு போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு மாலைவரை ஒன்றும் பேசவில்லை. நுரைக்கு அந்த மூன்று குழல்களைவிட அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டியாயிற்று. வெடிகளைச் செயலிழக்கச் செய்கிறவர் வந்தார். குழுவில் அவரை டாக்டர் என்பார்கள். பருத்த உடம்பு, சின்னக் கண்ணாடி. எதைப் பார்த்தாலும் "பயப்பட ஒண்ணுமில்ல" என்பார். ஏணியில் ஏறி டார்ச் அடித்து மூன்று மூடிகளையும் பார்த்துவிட்டு இறங்கினார்.

"பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

அவரை அறிந்த அத்தனை பேரும் பத்தடி பின்னால் போனார்கள். அறியாத நுரை மட்டும் ஒரு அடி முன்னால் வந்தான். தங்கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. மூன்று குழல்களையும் மணல் நிரப்பிய பெட்டிகளில் வைத்து எடுத்துப்போய், மறுநாள் காலை ஊருக்கு வெளியே குழியில் வைத்து அழித்தார்கள். குழலுக்கு எட்டு. ஆக மொத்தம் இருபத்து நான்கு. சத்தம் கடைத்தெருவரை கேட்டது. நுரை அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, வெறும் குழல்கள் முப்பத்தேழையும் தேடி எடுப்பது தனிக் கூத்தாக இருந்தது. பன்னிரண்டில் பிரஷ்கள் செருகியிருந்தன. சிலவற்றில் அண்ணி செடி வளர்த்தாள். சில காலொடிந்த பெஞ்சுக்கு முட்டாக இருந்தன. முப்பத்தாறு கிடைத்தது. கடைசி ஒன்று சமையலறையில் இருந்தது. அண்ணி அதற்கு மஞ்சள் பூப்போட்டுக் கரண்டி வைக்கும் குவளையாக வைத்திருந்தாள்.

அதைப் பார்த்ததும் நத்தையின் காது சிவந்துபோனது. இரண்டு வருடமாக ஒவ்வொரு லீவு நாளும் இந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாள். அந்தக் குவளையைத் தன் கையாலேயே எத்தனையோ முறை விளக்கிக் கவிழ்த்திருக்கிறாள். ஒரு புல் சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பெயரெடுத்தவள்.

"இதை ஆபீஸ்ல சொல்லணுமா?" என்று கேட்டாள், யாரிடம் என்றில்லாமல்.

"நான் சொல்றேன்" என்றான் நுரை. அன்று அவன் முகத்தில் தெரிந்த முதல் வெளிச்சம் அது.

அவன் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. மறுநாள் அவள் ஆபீசுக்குப் போனபோது அவள் மேசையில் யாரோ இரண்டு கரண்டிகளை அழகாக வைத்திருந்தார்கள்.

அவள் அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டுச் சுவரிலிருந்த பெரிய வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். நிலத்தில் எடுத்த ஒவ்வொரு வெடிக்கும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி. மாடோ நரியோ மிதித்து ஏற்கெனவே வெடித்துப்போன இடங்களுக்கும் புள்ளி உண்டு. குழியும் சிதறலும் பார்த்துக் குறித்தவை. இருநூற்று எண்பத்தெட்டுப் புள்ளிகள். ஒரு மாதமாகப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. நிலம் சுத்தமாகிவிட்டது என்று முடிவுசெய்து, அடுத்த வாரம் ஒப்படைக்க நாள் குறித்தாகிவிட்டது. ஆபீசர் மேடைப் பேச்சை எழுதி, கண்ணாடி முன்னால் இரண்டு முறை பேசியும் பார்த்துவிட்டார்.

மொத்தம் எத்தனை விழுந்தது என்பது மட்டும் இதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது. விமானத்தில் போனவர்கள் யாரும் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. முப்பத்தேழு குழல், குழலுக்கு எட்டு. இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

"எட்டு குறையுது, சார்" என்றாள்.

ஆபீசர் நல்ல மனிதர். ஆனால் பேச்சு நன்றாக வந்திருந்தது. "எட்டுதானேம்மா? இவ்வளவு வருஷத்துல மழை, வெள்ளம்... அங்கொண்ணு இங்கொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"ஏழு குறைஞ்சாலும் ஒன்பது குறைஞ்சாலும் அப்படித்தான் சார் நானும் நினைச்சிருப்பேன். சரியா எட்டு குறையுது. எட்டுன்னா ஒரு முழுக் குழல். அங்கொண்ணு இங்கொண்ணு தொலையல. மொத்தமா எங்கேயோ ஒரே இடத்துல கிடக்குது."

ஆபீசர் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, பேச்சை உள்ளே வைத்துப் பூட்டினார். "நிலத்துக்காரம்மாகிட்ட யார் சொல்றது?" என்றார். எல்லாரும் அவரவர் காகிதங்களைப் புரட்டினார்கள்.

நிலத்துக்காரம்மா அறுபது வயதைத் தாண்டியவர். எலும்பும் தோலுமாக இருந்தாலும் குரல் வாய்க்காலின் அக்கரைவரை கேட்கும். வாரம் தவறாமல் ஆபீசுக்கு வந்து "எப்ப முடியும்?" என்று கேட்பார். அவரைக் கண்டால் ஆபீசர் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார், எதிர்முனையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கடைசியில் நத்தையே போய்ச் சொன்னாள். அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"எட்டு கிடக்குன்னு தெரிஞ்சும் கொடுத்தா வாங்கிக்க நான் என்ன கிறுக்கியா? போய்த் தேடு. ஆனா சீக்கிரம் தேடு."

எங்கே தேடுவது? உருளை எங்கே கிடந்தது என்று தெரிந்தால் ஒரு பிடி கிடைக்கும். அதற்குப் பழைய இரும்புக் கடைக்காரரைக் கேட்கவேண்டும். நுரை தானும் வருவேன் என்றான். கடை மூடியிருந்தது, அண்ணி இன்னமும் சரியாகப் பேசவில்லை. அவனுக்கு வீட்டில் இருப்பதைவிட வேறு எங்கே இருப்பதும் நிம்மதி.

இரும்புக் கடைக்காரர் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றின் மேல் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணித் தொட்டின்னு சொல்லித்தானேய்யா வித்தே?" என்று ஆரம்பித்தான் நுரை.

"தொட்டின்னு நான் சொல்லல. உருண்டையா இருக்குன்னு சொன்னேன். தொட்டின்னு நீதான் சொன்னே."

"உள்ள வெடி இருந்துச்சுய்யா!"

"நல்லா கனமா இருக்குன்னு நீதானே பாராட்டினே?"

இரண்டு பேரும் இப்படியே மாலைவரை பேசுவார்கள் என்று தெரிந்து, நத்தை நடுவில் வந்து நின்றாள். "ஐயா, உங்க மேல யாரும் குத்தம் சொல்லல. அது எங்க கிடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் வெந்நீரை ஆற்றினார். "வாய்க்கால்ல, மதகுக்குப் பக்கத்துல, தண்ணியில பாதி முங்கிக் கிடந்துச்சு. அக்கரையை ஒட்டி. கயிறு கட்டி இழுத்தோம். மேல இருந்து விழுந்த மாதிரி மூக்கு நசுங்கியிருந்துச்சு."

நத்தை கண்ணை மூடிக்கொண்டாள். விமானம் ரோட்டுப் பக்கமிருந்து வாய்க்காலை நோக்கிப் பறந்திருக்கிறது. தூவிக்கொண்டே வந்து, கடைசியில் பாரத்தைக் கழற்றிவிட்டது போல உருளையையே உதறிவிட்டுப் போயிருக்கிறது. உதறும் நேரத்தில் வெளியே வந்த கடைசிக் குழலின் சரக்கு நிலத்தில் விழுந்திருக்காது. வாய்க்காலைத் தாண்டி அக்கரையில் விழுந்திருக்கும். அக்கரையை யாரும் தேடவே இல்லை. அது பாதுகாப்பான கரை என்று வரைபடத்தில் பச்சை அடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பச்சையை அடித்தவளும் அவள்தான்.

மறுநாள் காலை மதகுக்கு அக்கரையில் கயிறு கட்டினார்கள். ஆளுயர நாணல் காடு, கால் புதையும் சேறு. அதனால்தான் இத்தனை வருடமாக யாரும் உள்ளே போகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இருபதடி தள்ளி ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. ஊரில் பாதிப்பேர் அதில்தான் போனார்கள், வந்தார்கள்.

நுரை கயிற்றுக்கு வெளியே வந்து நின்றான். தங்கை வேலை செய்வதை அவன் அதுவரை பார்த்ததில்லை. தடித்த மார்புக் கவசம், முகத்தை மூடிய கண்ணாடித் தடுப்பு. சேற்றின் மேல் பலகை போட்டு அதில் குப்புறப் படுத்துக்கொண்டாள். ஒரு நாணலைத் தொட்டுப் பார்த்தாள். அதை அடியோடு வெட்டினாள். வெட்டியதைப் பின்னால் வைத்தாள். மண்ணைக் குச்சியால் சாய்வாகத் தொட்டாள். ஒரு விரற்கடை தள்ளி மறுபடி தொட்டாள். பிறகு அடுத்த நாணல்.

பத்து நிமிடம் அவன் பொறுத்தான். "கிடைச்சுதா?" என்று கத்தினான்.

அவள் அடுத்த நாணலை வெட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ?" என்றான்.

மூன்றாவது முறை வாய் திறந்தபோது ஆபீசர் வந்து அவன் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தார். "பாதையில போறவங்களை நிறுத்துங்க. வாயால வேணாம், கொடியால."

வேலை கிடைத்ததும் நுரை வேறு ஆளாகிவிட்டான். சைக்கிளை நிறுத்தினான். ஆட்டை நிறுத்தினான். மதகை மேற்பார்வையிட வந்த இன்ஜினியரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தான். வரிசையாக வந்த வாத்துகளுக்கும் கொடி காட்டினான். அவை மட்டும் மதிக்கவில்லை.

மூன்றாம் நாள் முதல் வெடி கிடைத்தது. ஐந்தாம் நாள் ஒரே இடத்தில் மூன்று. எட்டாம் நாளுக்குள் ஏழு. ஒவ்வொன்றையும் கிடந்த இடத்திலேயே டாக்டர் வந்து அழித்தார். பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிலத்துக்காரம்மா தினமும் வந்து இக்கரையில் நின்றார். ஆச்சரியமாக, 'எப்ப முடியும்?' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பதினோராம் நாள் முற்பகலில், தண்ணீர் விளிம்பில், ஒரு நாணல் தூரின் வேர்ப்பின்னலுக்குள் நத்தையின் குச்சி எதையோ தொட்டது. கை உயர்த்திக் காட்டினாள். எல்லாரும் பின்வாங்கினார்கள். அதைச் சுற்றியிருந்த வேரை ஒவ்வொன்றாக வெட்டி, மண்ணை ஒதுக்கி, வட்ட விளிம்பு வெளியே தெரியும்வரை ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நுரை கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். இந்த முறை ஒரு தடவைகூடக் கத்தவில்லை. எட்டாவது வெடி டாக்டரின் பொறுப்பில் போனது.

அவள் கயிற்றுக்கு வெளியே வந்து, கவசத்தைக் கழற்றி, ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஃப்ளாஸ்க் மூடியைத் திருகினாள். திருக முடியவில்லை. இவ்வளவு நேரம் அசையாமலிருந்த விரல்கள் இப்போது தந்தியடித்தன.

நுரை அதைப் பார்த்தான். ஃப்ளாஸ்க்கை வாங்கித் திறந்து, டீயை ஊற்றி, அவள் இரண்டு கைகளுக்கும் நடுவில் கப்பை வைத்து, மேலே தன் கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டான். வெடி வெடித்து அடங்கும்வரை அப்படியே இருந்தார்கள்.

"தினமும் இப்படித்தான் ஆகுமா?" என்று கேட்டான்.

"கிடைச்ச அன்னைக்கு மட்டும்."

அவன் தொண்டையைச் செருமினான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மூணு குழலையும் தொட்டி வாங்கின அன்னைக்கு நான் சும்மா விடல. வரலைன்னதும் ஸ்பேனரால நல்லா தட்டினேன். ஒண்ணை நாலஞ்சு தடவை."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மூடியில தழும்பு இருந்துச்சு. டாக்டர் காட்டினார். நாலஞ்சு தடவை இல்ல, பதினேழு தடவை."

நுரை வெளிறிப்போனான். "உங்க அண்ணிகிட்ட..."

"சொல்லல. இப்பத்தான் உன்கூடப் பேசவே ஆரம்பிச்சிருக்காங்க." அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். "அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறே இறங்கல, அண்ணா. உனக்கு எதாவது ஆகியிருந்தா நான் யார்கூடச் சண்டை போடுறது?"

அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு பாதையில் ஒரு சைக்கிள் வரவே, கொடியைத் தூக்கிக்கொண்டு, தேவைக்கு மேல் அதிகாரமாக ஓடினான். வேலை முடிந்துவிட்டது, யாரையும் நிறுத்தவேண்டியதில்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து நிலத்தை ஒப்படைத்தார்கள். அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுத்தம் செய்த நிலத்தில் முதலில் அவர்களே கைகோத்து வரிசையாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பார்கள். ஊரார் நம்பவேண்டுமே. நத்தைக்கு ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் யாரும் கூப்பிடாமலே வந்து கைகோத்துக்கொண்ட அவள் அண்ணன். அண்ணி ரோட்டோரம் நின்று, "பார்த்து வைங்க காலை!" என்று கத்தினாள். "அதுக்குத்தானே இவங்க ரெண்டு வருஷம் பார்த்தாங்க?" என்று பக்கத்தில் நின்ற டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் சிரித்தார். அவரும் ரோட்டைவிட்டு இறங்கவில்லை.

மறுமுனையில் ஆபீசர் சட்டைப் பையிலிருந்து பேச்சை எடுத்து விரித்தார். "பெரியோர்களே" என்பதுவரைதான் வந்தார். நிலத்துக்காரம்மா நிலத்தின் நடுவில் நின்றபடி அவரைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இது என்ன?"

"எதும்மா?"

"இதோ, இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, அந்தாண்ட நாலு. இத்தனை குழி தோண்டி வச்சிருக்கீங்களே, யாரு மூடுவா? டிராக்டர் இறங்கினா அச்சு முறியாது?"

ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்கும் ஒரு குழி. இருநூற்றுச் சொச்சம் குழிகள். ஆபீசர் பேச்சை மடித்தார். ஜீப்பிலிருந்து மண்வெட்டிகள் வந்தன. டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நத்தை ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசை தவறாமல் மூடிக்கொண்டு வந்தாள். நுரை கையில் அகப்பட்ட குழியையெல்லாம் மூடிக்கொண்டு நிலம் முழுக்க ஓடினான். அவன் மூடியதில் பாதியை அந்த அம்மா காலால் அமுக்கிப் பார்த்து, மறுபடி மூடச் சொன்னார்.

மாலை வெயில் சாயும் நேரத்தில் டிராக்டர் இறங்கி முதல் உழவுச் சால் போட்டது. மண் கறுப்பாகப் புரண்டது. எல்லாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்கள். நிலத்துக்காரம்மா மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெற்கு மூலையில் இன்னும் மூடாத குழிகள் ஆறு இருந்தன. ஆபீசரைக் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனார்.